அக்கா வீட்டுத் தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

நாற்காலி கிடைத்துவிட்டது.

பட்டிமன்ற மேடையில் நடுவருக்கு மட்டும் உயரமான நாற்காலி போடுவார்கள். சிவப்பு வெல்வெட், இரண்டு பக்கமும் சிங்க முகம். பேச்சாளர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. கல்லூரியில் தமிழ் நடத்த ஆரம்பித்த நாளிலிருந்து பட்டிமன்றம் பேசுகிறேன், இன்றுவரை பிளாஸ்டிக்தான். அதிலும் இரண்டாம் அணியில் மூன்றாவது ஆள். கூட்டம் கொட்டாவி விட ஆரம்பிக்கும்போது எழுப்பிவிட வேண்டியவள். "மங்கையர்க்கரசி மேடம் பேசினா வயிறு வலிக்கும்" என்று நோட்டீஸிலேயே போடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தீர்ப்புச் சொல்லும் வயது எனக்கும் வந்துவிட்டது.

இன்று நந்தகோபன் என்பவர் போன் செய்தார். எண்ணெய்க் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி. ஆதிரங்குடி மாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவில் ஐந்தாம் நாள் மண்டகப்படி இப்போது கம்பெனியுடையது. அந்த நாள் செலவு அவர்களுக்கு, தலையில் பரிவட்டம் கட்டும் மரியாதையும் அவர்களுக்கு. அன்று சாயந்திரம் பட்டிமன்றம், நடுவர் நான். கும்பிடப்போன தெய்வம் என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன், ரொம்ப ஆசைப்படுவது போல இருக்கக் கூடாது.

ஆதிரங்குடி என் அக்கா திலகவதி வாழ்க்கைப்பட்ட ஊர். முன்வரிசையில் அவளை உட்கார வைக்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போய் வந்தேன். ஊருக்குள் நுழையும்போதே மாற்றம் தெரிகிறது. பேருந்து நிழற்குடையில் கம்பெனி பெயர், பள்ளிக்கூடச் சுவரில் கம்பெனி பெயர், கபடிப் பையன்களின் பனியன் முதுகில் கம்பெனி பெயர். வயலுக்கு நடுவே உயரமான குழாயின் நுனியில் பட்டப்பகலில் தீ எரிந்துகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்கப் பழகிவிடும் போலிருக்கிறது, நாற்று நடுகிற பெண்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். பேச்சாளருக்குத் தொண்டைதான் முதல். ஊர்த் தண்ணீர் மாற்றிக் குடித்தால் கட்டிக்கொள்ளும் என்று எப்போதும் பாட்டில் எடுத்துப் போவது வழக்கம்.

நடுவர் விஷயத்தைச் சொன்னேன். அத்தான், "அப்போ எங்க ஊரு பெரிய ஊருதான்" என்றார். அக்கா சந்தோஷப்பட்டாள், கன்னத்தை வழித்துச் சொடுக்குக்கூட எடுத்தாள். பிறகு, "அந்தக் கம்பெனிக்காரங்கதான் செய்றாங்களா?" என்று கேட்டாள்.

"கோயில்தான் செய்யுது. அவங்க உபயம்."

"நம்ம வாய்க்காலுக்கு அந்தாண்ட புதுசா எண்ணெக் கெணறு தோண்டப் போறாங்களாம். ஏப்ரல் இருபத்துநாலு கல்யாண மண்டபத்துல கருத்துக்கேட்பு. பெரிய ஆபீசருங்க வர்றாங்க. இருக்கிற கெணத்துக்கே நம்ம பம்புத் தண்ணி இப்படி ஆயிருச்சு, மண்ணெண்ண வாடை அடிக்குது. குடிச்சுப் பாரு."

"பாத்தாலே தெரியுதுக்கா."

"நீ பேசுறவ மங்கை. அன்னைக்கு வந்து ரெண்டு வார்த்தை சொல்லேன். எனக்கு மைக்கப் பாத்தா நாக்கு ஒட்டிக்குது."

பார்க்கலாம் என்றேன். நடுவராக இருப்பவள் ஒரு பக்கம் சாய்ந்து பேசக் கூடாது, அதையும் அவளுக்கு விளக்கினேன். தலையாட்டினாள்.

மார்ச் 12, புதன்

விடைத்தாள் திருத்தம். மிக்ஸி ரிப்பேர். வெல்வெட் நாற்காலிக்கு மயில்கழுத்து நிறப் புடவை எடுப்பாக இருக்கும்.

மார்ச் 15, சனி

நந்தகோபன் வீட்டுக்கு வந்திருந்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நன்றாகத் தமிழ் பேசுகிறார். என் பழைய பேச்சுகளை யூடியூபில் தேடிக் கேட்டிருக்கிறார். மாமியார் கதையை அப்படியே ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் காட்டினார். மனிதர் நல்லவர், கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

தலைப்புக் கொண்டுவந்திருந்தார்: "ஊரை உயர்த்துவது விவசாயமா, எண்ணெயா?"

"இது சண்டைத் தலைப்பு" என்றேன். "கோயில் வாசலில் அடிதடி வரும். தலைப்பு என்றால் இரண்டு பக்கமும் சம எடை வேண்டும். எதிரணிக்காரன்கூட ஆசைப்பட்டுப் பேச வேண்டும்."

பேனாவை எடுத்து நானே மாற்றினேன்: "ஊரின் உயர்வுக்குப் பெரிதும் துணை நிற்பது மேல்வளமா, கீழ்வளமா?" மண்ணுக்கு மேலே விளைவது மேல்வளம், மண்ணுக்கு அடியில் கிடப்பது கீழ்வளம்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்க தலைமை ஆபீஸ்ல எத்தனையோ பேர் உட்கார்ந்து யோசிச்சும் இப்படி ஒரு வார்த்தை வரல மேடம்" என்றார். முகஸ்துதிதான், தெரியும். ஆனாலும் ராத்திரி சாப்பிடும்போதுகூட அந்த வார்த்தையை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கருத்துக்கேட்பைப் பற்றிக் கேட்டேன். "அது அரசாங்க விஷயம் மேடம், நம்ம நிகழ்ச்சிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இது மக்கள் சிரிச்சுச் சந்தோஷமா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

மார்ச் 22, சனி

அக்கா போன். கன்று போட்ட பசு தொட்டித் தண்ணீரில் மூக்கை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறதாம். அத்தான் தினம் சைக்கிளில் இரண்டு குடம் மேலத்தெரு அடிபம்பிலிருந்து கொண்டுவருகிறாராம், மாட்டுக்கு. "மனுசாளுக்கு?" என்று கேட்டேன். "நாங்க காய்ச்சிக் குடிச்சுக்குறோம்" என்றாள்.

ஆதிரங்குடி முழுக்க பேனர் வைத்துவிட்டார்கள் என்றும் சொன்னாள். என் படம் பெரிதாக இருக்கிறதாம். படத்துக்கு மேலே "மேல்வளம் காப்போம், கீழ்வளம் மீட்போம்" என்று போட்டிருக்கிறதாம். அந்த வாசகம் நான் எழுதியது இல்லை. வார்த்தை மட்டும்தான் என்னுடையது.

மார்ச் 23, ஞாயிறு

அக்கா இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள். குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு பேச வேண்டும்.

மார்ச் 30, ஞாயிறு

நடுவர் உரைக்கு நகைச்சுவை தேடுகிறேன். புதிதாகப் பேச வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கூட்டத்துக்குத் தெரிந்ததைச் சொல்லு. மின்வெட்டு, மாமியார், டவுன் பஸ். தெரியாத விஷயத்துக்கு ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். "ஆமா, எங்க வீட்லயும் அப்படித்தான்" என்று உள்ளே ஒரு குரல் கேட்டால்தான் வாய்க்குச் சிரிப்பு வரும்.

ஆதிரங்குடிக்காரர்களுக்குத் தெரிந்தது எது என்று யோசிக்க வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்றுப் பட்டிமன்றம். கோயில் வாசலிலிருந்து தேரடி வரைக்கும் ஜனம். தேர்முட்டிமேல்கூட ஏறி உட்கார்ந்திருந்தார்கள். முதலில் அம்மனுக்குத் தீபாராதனை, பிறகு நந்தகோபனுக்குப் பரிவட்டம். கைகட்டிக்கொண்டு பவ்யமாக நின்றார். மேளக்காரர்களின் சட்டைப் பையில்கூடக் கம்பெனி முத்திரை இருந்தது.

நாற்காலி நினைத்ததைவிட உயரம். கால் தரையில் பாவவில்லை.

இரண்டு அணியும் நன்றாகப் பேசினார்கள். மேல்வளக்காரர்கள் நெல்லைப் பாடினார்கள், கீழ்வளக்காரர்கள் வேலைவாய்ப்பைப் பாடினார்கள். தண்ணீர் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. தலைப்பில் அதற்கு இடம் இல்லை. அதனால் அக்கா விஷயத்தை நானே எடுத்தேன். மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பது போல, சிரிக்கச் சிரிக்கச் சொன்னால் மனதில் நிற்கும் என்பது என் அனுபவம்.

"எங்க அக்கா திலகவதி இந்த ஊர்தான், தெக்குத் தெரு. அவங்க வீட்டுக்குப் போனா தண்ணி குடுப்பாங்க. வாங்கி மோந்து பாத்தா மண்ணெண்ண வாசம்! அத்தான் அதைக் குடிச்சிட்டுப் பீடி பத்த வெச்சாருன்னா, வீட்டுக்கு உள்ள இருந்த மனுஷன் வயலுக்கு நடுவுல போயி விழுவாரு. ஊர்ல பெட்ரோல் தட்டுப்பாடு வந்தா கவலையே படாதீங்க, வண்டிய நேரா தெக்குத் தெருவுக்கு விடுங்க. திலகவதி பங்க்கு! காத்துக்கூட இலவசம்!"

இப்படி ஒரு சிரிப்பை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. தேர்முட்டியிலிருந்து ஒருவன் கீழேயே விழுந்துவிட்டான். டீக்கடை மாசிலாமணி எழுந்து நின்று துண்டைச் சுழற்றினார். மேடை ஓரத்தில் நந்தகோபன் கண்ணீர் வரச் சிரித்தார். முன்வரிசையில் அக்காவும் சிரித்தாள். பட்டுப்புடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலை குனிந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

தீர்ப்பு வழக்கம்போல: மேல்வளமும் கீழ்வளமும் ஊரின் இரண்டு கண்கள். கைதட்டல்.

கம்பெனி மேடையிலேயே கம்பெனிக்கு எதிரான விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அந்த ஊரில் வேறு யார் சொல்லியிருப்பார்கள்?

முடிந்து தேடியபோது அக்கா கிளம்பிப் போயிருந்தாள். விடிகாலையில் மாடு கறக்க வேண்டுமே.

ஏப்ரல் 9, புதன்

கல்லூரி வாசலில் வாட்ச்மேன் போனை நீட்டிக் காட்டினார். "மேடம், பங்க்கு காமெடி சூப்பர்." பட்டிமன்றம் மூன்று மணி நேரம். அதில் அந்தத் துண்டு மட்டும் தனியாக வெட்டப்பட்டு எல்லார் போனிலும் சுற்றுகிறது. மூலையில் கம்பெனி முத்திரை சின்னதாக இருக்கிறது.

அவர்களே அனுப்புகிறார்கள் என்றால் அவர்களுக்குப் பயமில்லை என்று அர்த்தம். பெருந்தன்மைதான்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். முதல் போன் எப்போதும் அக்காவிடமிருந்து வரும். இன்று வரவில்லை. நான் கூப்பிட்டேன், அத்தான் எடுத்தார். "அவ கொல்லையில இருக்கா" என்றார். சாயந்திரம் கூப்பிட்டபோதும் கொல்லையில்தான் இருந்தாள்.

ஏப்ரல் 19, சனி

ஆதிரங்குடி போனேன். பஸ் நிறுத்தத்தில் ஆட்டோக்காரரிடம் தெக்குத் தெரு, திலகவதி வீடு என்றேன்.

"பங்க்கு வீடா?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. வேப்பமரத்து வீடு, மாடி வீடு என்று சொல்வது போலச் சொன்னார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்ததும், "அட, நீங்களா!" என்று காசு வாங்க மறுத்துவிட்டார்.

தெருமுனையில் சின்னப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன. அக்கா வீட்டுப் படலுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி, "ஒரு லிட்டர் போடு பங்க்கக்கா" என்று கத்திவிட்டு ஓடின. நன்றாக விளையாடிப் பழகியிருந்தன, புது விளையாட்டு இல்லை.

கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். தூங்கியிருப்பாள்.

ஏப்ரல் 24, வியாழன்

கருத்துக்கேட்பு. லீவு போட்டுவிட்டுப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் நந்தகோபன் பார்த்துவிட்டு முதல் வரிசையில் உட்கார வைத்தார். மேடையில் அதிகாரிகள். அவர்களுக்குப் பின்னால் துணியில் என் தலைப்பின் வார்த்தைகள் இருந்தன. கம்பெனி விளக்க அறிக்கையில் எண்ணெய் என்ற சொல்லே வரவில்லை. பக்கம் பக்கமாகக் கீழ்வளம், கீழ்வளம். எழுந்து பேசியவர்களும் அப்படியே பேசினார்கள். எதிர்த்துப் பேசிய விவசாயிகூட, "கீழ்வளம் எடுக்கறது தப்புன்னு சொல்லல, ஆனா" என்றுதான் ஆரம்பித்தார். வளம் என்று ஒத்துக்கொண்ட பிறகு அதை எடுக்காதே என்று எப்படிச் சொல்வது? அதோடு உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அக்கா எழுந்தாள். நான் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது. கையில் பாட்டிலில் பம்புத் தண்ணீர் இருந்தது, லேசாகப் பழுப்பு. மைக் பக்கத்தில் போய் நின்றாள்.

"என் பேரு திலகவதி. தெக்குத் தெரு."

பின்னாலிருந்து யாரோ, "பங்க்கு வந்துருச்சுடோய்" என்றார்கள்.

அவ்வளவுதான். மண்டபம் முழுக்க அந்தச் சிரிப்பு. நான் தேரடியில் கேட்ட அதே சிரிப்பு, ஒரு சுருதிகூடக் குறையவில்லை. மேடையில் ஒரு அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் என்னவென்று கேட்டார், அவர் காதில் சொன்னார், இவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தார்.

அக்கா பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். சிரிப்பு இன்னும் கூடியது. "லிட்டர் எவ்வளவுக்கா?" என்று ஒரு குரல். அவள் ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது, கேட்கவில்லை. பாட்டிலை மேடை விளிம்பில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு தலைகுனிந்து வெளியே போனாள். தோள் குலுங்கியது. முன்வரிசையில் அவள் அன்று சிரித்ததும் இப்படித்தான் இருந்தது. இரண்டும் ஒன்றுதான்.

நான் மைக்குக்கு ஓடினேன். என்னைப் பார்த்ததும் கைதட்டினார்கள். "அது வேடிக்கை இல்லை, அவள் சொல்வது நிஜம்" என்றேன். சிரித்தார்கள். "சத்தியமாகச் சொல்கிறேன்" என்றேன். இன்னும் சிரித்தார்கள். "மேடம், அந்தப் பீடிய ஒரு தடவ சொல்லுங்க" என்று ஒருவர் கெஞ்சினார். என் குரல் எந்த வார்த்தையைச் சொன்னாலும் கடைசியில் சிரிப்புக்கு இடம் விட்டு நிற்கிறது. நானே அப்படிப் பழக்கிய குரல்.

இதற்குள் எதிர்ப்பாளர்கள் சிலர் சத்தம் போட, கூட்டம் கலைந்தது. மே எட்டாம் தேதி மறுபடி வைப்பதாகச் சொல்லி அதிகாரிகள் எழுந்துவிட்டார்கள்.

ஏப்ரல் 25, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. தலைவலி.

ஏப்ரல் 27, ஞாயிறு

அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "வா" என்றாள். மறுபடி புடைத்தாள்.

தண்ணீர் தரவில்லை.

பகையாளி வந்தாலும் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேசுவாள் அவள். நான் உட்கார்ந்திருந்தேன். மன்னிச்சுக்கக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. நந்தகோபன் பழக்கூடையோடு வந்தார், கூடவே போட்டோ எடுப்பவர். அன்று நடந்ததற்கு வருத்தமாம். தெக்குத் தெருவுக்குச் சுத்திகரிப்பு மெஷின் ஒன்று வைத்துத் தருகிறார்களாம். அதை அக்கா கையால் திறந்து வைக்க வேண்டுமாம். "பங்க்குன்னு கிண்டல் பண்ணின வாய் எல்லாம் அடைஞ்சு போயிடும்மா" என்றார். நிஜமான இரக்கத்தோடுதான் சொன்னார்.

"மெஷின் வெச்சா புதுக் கெணறு தோண்ட மாட்டீங்களா தம்பி?" என்றாள் அக்கா.

"அது வேற, இது வேறம்மா."

அக்கா எழுந்து உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகத்தில் புன்னகை மாறவில்லை. சொம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "தொண்டை கட்டியிருக்கும்மா, ஊர்த் தண்ணி மாத்திக் குடிச்சா ஒத்துக்காது" என்று பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்தார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

எனக்குக் காது சுட்டது. இத்தனை மாதமாக அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் வைத்துவிட்டுப் போன சொம்பை அவள்தானே எடுத்து ஊற்றியிருப்பாள்.

அந்தச் சொம்பை எடுத்தேன். குடித்தேன். முதல் மடக்கில் மண்ணெண்ணெய் மூக்குக்கு ஏறியது, நாக்கில் வழவழவென்று ஏதோ படிந்தது. பாதிக்குமேல் முடியவில்லை. கொல்லைக்கு ஓடிக் கொட்டிவிட்டேன். அக்கா வந்து தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"குடிக்க முடியலக்கா" என்றேன்.

"அத அன்னைக்கு மேடையில சொல்லியிருக்கலாம்ல" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

திரும்பி வந்தபோது கார் போயிருந்தது. பழக்கூடை மட்டும் இருந்தது.

மே 3, சனி

நந்தகோபன் போன். அடுத்த மாதம் பக்கத்து ஊரில், அதே தலைப்பு, அதே நாற்காலி. முடியாது என்றேன். காரணம் கேட்டார். "தொண்டை கட்டியிருக்கிறது" என்றேன்.

அக்காவைக் கூப்பிட்டு, எட்டாம் தேதி நான் பேசுகிறேன் என்றேன்.

"நீ பேசினா சிரிப்பாங்கடி."

"தெரியும். சிரிச்சு முடிக்கிற வரைக்கும் நிப்பேன்."

மே 8, வியாழன்

மண்டபம் நிறைந்திருந்தது. அக்கா வர மாட்டேன் என்றாள், பிறகு வந்து கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தாள். என் பெயரைக் கூப்பிட்டதுமே கைதட்டல். மைக் முன்னால் நின்று, "திலகவதி என் அக்கா" என்றேன். சிரிப்பு கிளம்பியது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பாட்டு ஒன்று பாடி முடிக்கும் நேரம் சிரித்திருப்பார்கள். மெதுவாக ஓய்ந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடையில் சிரிப்புக்குப் பிறகு நான் இப்படி நின்றதே இல்லை, அடுத்ததை எடுத்து விடுவதுதான் வழக்கம்.

"நான் சிரிக்க வைக்கிறவ" என்றேன். "என் தொழில்ல ஒண்ணு மட்டும் எனக்கு நல்லாத் தெரியும். தெரியாத விஷயத்துக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க. வெளியூர்ல போயி எங்க அக்கா வீட்டுத் தண்ணி மண்ணெண்ண வாசம் அடிக்குதுன்னு சொன்னா, ஐயோ பாவம்னு சொல்லுவாங்க. நீங்க சிரிச்சீங்க. தேர்முட்டி மேலேருந்து விழுந்து சிரிச்சீங்க. உங்க வீட்டுத் தண்ணி எப்படி இருக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. நந்தகோபன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல வளம் எதுவும் இல்ல. அந்த வார்த்தை நான் எழுதிக் குடுத்தது. திருப்பி வாங்கிக்கிறேன். அது எண்ணெய். எண்ணெய்னே சொல்லுங்க." இதற்குமேல் பேச எனக்கு ஒன்றும் இல்லை. இறங்கத் திரும்பினேன்.

அப்போது டீக்கடை மாசிலாமணி எழுந்தார். அன்று துண்டைச் சுழற்றியவர். தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"எங்க தெருவுலயும் பொங்கலுக்கப்புறம் அந்த வாடைதாங்க. நான் கேன் தண்ணிலதான் டீ போடுறேன். வெளிய சொன்னா யாவாரம் படுத்துரும்னு சொல்லல."

அவர் உட்கார்வதற்குள் அவருக்குப் பின்னால் ஒரு பெண் எழுந்தாள். அப்புறம் வேறொருவர். அதிகாரி சிரிக்காமல் எழுதிக்கொண்டார். என்ன முடிவு செய்வார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. தோண்டவும் தோண்டலாம். ஆனால் கடைசியாக அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் கதவோரத்திலிருந்து எழுந்து மண்டபம் முழுக்க நடந்து மைக்குக்கு வந்தாள், ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வந்ததை முழுக்கச் சொன்னாள்.

பிறகு வீட்டுக்குப் போனோம். செருப்பைக் கழற்றும்போதே அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கி வாயில் வைத்தேன். வாடையே இல்லை.

"மாட்டுத் தண்ணி" என்றாள். "அத்தான் ஒரு கொடம் கூடப் புடிச்சாந்தாரு. நீ வருவேன்னு."

முழுவதும் குடித்தேன்.